பளிச்சிடும் அடுப்படி



கற்பனை நாடு ஒன்றைப் படைக்கும் எழுத்தாளர், அங்கே அரண்மனையையும் போர்க்களத்தையும் மறவாமல் அமைத்துவிடுவார். ஆனால், அந்நாட்டில் அடுப்பு மூட்டுபவர் யார், பிள்ளையைப் பராமரிப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ரொக்கேயா சக்காவத் ஹுசைன்.

இன்றைய பங்களாதேஷின் ரங்பூர்ப் பகுதியில் 1880இல் பிறந்தவர் இவர். பர்தாவுக்குள் வளர்ந்த இவருக்குத் தமையனார் வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். இவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மகஸின்' என்ற சஞ்சிகையில் பிரசுரமாயிற்று.

கதைசொல்லியான சுல்தானா சாய்கதிரையில் கண்ணயர்கிறாள். கனவில் பெண்களின் நாடொன்றுக்குச் செல்கிறாள். அங்கே ஆட்சியும் விஞ்ஞானமும் பெண்களின் கையில். ஆண்களோ மர்தானாவுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள்; சமையலும் பிள்ளை பராமரிப்பும் அவர்களுடையவை. அலுவலக வேலையைப் பெண்கள் இரண்டே மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆண்களுக்கு ஏன் நாள் முழுவதும் தேவைப்பட்டது? அதற்கும் கணக்கு உண்டு. ஒரு சுருட்டுக்கு அரை மணித்தியாலம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டு. ஆக, ஆறு மணித்தியாலம் புகையாய்ப் போய்விடுகிறது!

சிரிக்கிறோம். ஆனால், 'ஆண்களை அடைத்து வைப்பது அநியாயமல்லவா?' என்று வாசகர் கேட்கும் கணத்தில் ஆசிரியர் வென்றுவிடுகிறார். அதே அநியாயம் பெண்ணுக்கு இழைக்கப்பட்டபோது நாம் அதனை இயல்பென்று கொண்டோம் அல்லவா?

என்னை மிகவும் உறுத்திய இடம் வேறொன்று. சுல்தானா அங்கே ஓர் அடுப்படியைப் பார்க்கிறாள். கரியில்லை, புகையில்லை, சூரிய வெப்பத்திலேயே சமையல். எல்லாம் பளிச்சென்று துலங்குகின்றன. ஆனால், அங்கே வேலை செய்யும் ஆண்களைக் காணோம். விருந்தாளி வருகிறாள் என்று அவர்களை முன்கூட்டியே அகற்றிவிட்டார்கள்.

நேயர்களே, இது கனவுதானா? நம் வீடுகளுக்கு வரும் விருந்தினரும் துலக்கிய பாத்திரங்களையும் சுவையான கறிகளையுமே காண்கிறார்கள். அவற்றின் பின்னால் நின்ற கைகளை அவர்கள் காண்பதில்லை. வேலையைச் செய்பவரின் பால் மாறினாலும், அவ்வேலை மறைவுக்குள்ளேயே கிடக்கிறது. ஆசிரியர் இதனைக் கருதியே எழுதினாரோ, அறியேன். ஆனால், கதை அதனைக் காட்டிவிடுகிறது. வேலையைக் கைமாற்றிவிடுவதோடு நீதி நிறைவு பெறுவதில்லை. அது கண்ணுக்குப் புலப்படவும் வேண்டும், பகிரப்படவும் வேண்டும்.

ரொக்கேயா கனவோடு நின்றுவிடவில்லை. கணவர் மறைந்தபின் 1909இல் பகல்பூரிலும், 1911இல் கல்கத்தாவிலும் பெண்கள் பாடசாலை நிறுவி, 1932இல் இறக்கும்வரை அதற்காக உழைத்தார்.

இவ்வுரையை நான் எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டு தடவை என் மேசைக்குத் தேநீர் வந்தது. இரண்டு தடவையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதி முடித்த பின்னரே அது நினைவுக்கு வந்தது. பெண்களின் வேலையைப் பற்றி எழுதிய தமிழாசிரியனின் நிலையே இதுவென்றால், அடைபட்ட கதவு எங்கே இருக்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.