சட்டம் மட்டும் போதுமா?



ஊரில் நிலம் சோறு போடாததால்தான் நம்மில் பலர் ரயிலேறி வந்தோம். ஆகவே உழவன் பிரச்சினை நம் பிரச்சினையே.

சிக்கிம் மாநிலத்தைப் பாருங்கள். இயற்கை வேளாண்மைக்கு மாறுவோம் என்று 2003இல் அரசு அறிவித்தது. இரசாயன உர மானியத்தைப் படிப்படியாக வெட்டியது. 2014இல் தடைச் சட்டம் வந்தது. 2016இல் சுமார் 75,000 ஹெக்டேர் நிலமும் மாறிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பயிற்சி, சான்றிதழ் இரண்டுக்கும் அரசே பொறுப்பேற்றது. வரவேற்கிறோம்.

ஆனால் விஷமில்லாத இஞ்சிக்கும் மற்ற இஞ்சிக்கும் சந்தையில் ஒரே விலையென்றால், பாடுபட்டவனுக்கு என்ன மிச்சம்? யூரியா போடாதே என்று உத்தரவிடும் அரசு, விளைச்சல் குறையும் ஆண்டில் ஈடு தர வேண்டும். நியாய விலைக்குக் கொள்முதலும் செய்ய வேண்டும். இது சலுகையல்ல, உரிமை! வாங்கி உண்ணும் நாமும் அக்குரலில் சேர்வோம்.