கார்க் கதவு ஏன் கத்துகிறது?

 

திருவனந்தபுரத்தில் தம்பானூர் பக்கம் போனவர்களுக்கு அம்பாசிடர் கார் தெரியாமல் இருக்காது. ஒரு காலத்தில் டாக்சி என்றாலே அந்தக் கார்தான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1957 முதல் 2014 வரை அதைச் செய்தது. மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊரில் தொழிற்சாலை இருந்தது. பிறகு எத்தனையோ புதுக் கார்கள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய காருக்கும் புதுக் காருக்கும் ஒரு வியாதி பொது. கதவைத் திறந்தால் 'கிறீச்' என்று கத்தும்.

சத்தம்தானே, போகட்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடலாமா? பார்ப்போம்.

கதவு எதில் தொங்குகிறது?

வீட்டுக் கதவுக்குக் கீல் உண்டு. கார்க் கதவுக்கும் கீல்தான். மேலே ஒன்று. கீழே ஒன்று. கீலின் ஒரு பாதி காரின் தூணில் இருக்கும். மறு பாதி கதவில் இருக்கும். இரண்டையும் ஓர் இரும்புக் கம்பி கோத்துப் பிடிக்கும். மெக்கானிக்குகள் அதைப் 'பின்' என்பார்கள். பின்னைச் சுற்றிச் சிறு குழாய் போல ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் 'புஷ்'.

இரண்டு கீல்களுக்கும் நடுவே ஒரு பட்டை உண்டு. திறந்த கதவைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

தண்ணீர் நிறைந்த வாளியைக் கையை நீட்டித் தூக்கிப் பாருங்கள். தோள் வலிக்கும். திறந்த கதவின் பாரமும் அப்படித்தான் கீலின்மேல் விழுகிறது. டாக்சிக் கதவை ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறார்கள்! அத்தனை முறையும் பின் உரசுகிறது.

துரு எங்கிருந்து வருகிறது?

எண்ணெய் இருந்தால் இரும்பு இரும்போடு உரசாது. எண்ணெய் வற்றினால் தூசி புகும். ஈரம் புகும். துரு பிடிக்கும். திருவனந்தபுரமோ கடலோர ஊர். சங்குமுகம், வலியதுறை, விழிஞ்ஞம் பக்கம் உப்புக் காற்று வீசும். உப்பு, துருவை வேகப்படுத்தும். இடவப்பாதி மழை ஒன்று. துலாவர்ஷம் ஒன்று. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஆகவே அங்கே கீலுக்குக் கவனிப்பு அதிகம் வேண்டும்.

சத்தத்தைக் கேட்டு நோயை அறியலாம்

'கிறீச்' என்று கேட்டால் பின் காய்ந்திருக்கிறது.

திறக்கும்போது 'டக்' என்று கேட்டால் நடுவில் உள்ள பட்டையைப் பார்க்க வேண்டும்.

மூடும்போது கதவு கீழே உரசினால் கதவு இறங்கியிருக்கிறது.

வண்டி ஓடும்போது 'லொட லொட' என்று ஆடினால் பூட்டு சரியாகப் பிடிக்கவில்லை. அல்லது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கதவை மெதுவாக அசைக்க வேண்டும். மற்றவர் கீலின் வெளிப்பக்கத்தில் விரல் வைக்க வேண்டும். இடுக்கில் விரல் வைக்கவே கூடாது. சத்தம் வரும் இடம் விரலில் அதிரும்.

"அண்ணாச்சி, மேல் கீலில் அதிர்வு இல்லை. கீழ்க் கீல்தான் கத்துகிறது" என்பான் உதவிப் பையன்.

"அப்படியானால் கதவைத் தூக்கிப் பார், தம்பி" என்பார் ஓட்டுநர்.

அதென்ன, தூக்கிப் பார்ப்பது? கதவைப் பாதி திறக்க வேண்டும். பூட்டு இருக்கும் ஓரத்தைக் கீழிருந்து பிடித்து மெல்லத் தூக்க வேண்டும். ஆட்டம் இல்லையா? எண்ணெய் போட்டால் போதும். பின் மட்டும் ஆடுகிறதா? பின்னும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. கீல் முழுவதும் ஆடுகிறதா? போல்ட் தளர்ந்திருக்கும். அல்லது தூணே துருப்பிடித்திருக்கும். அப்போது ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும்.

நாமே செய்யக்கூடியது

முதலில் பழைய பல் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்க்க வேண்டும். துணியால் துடைக்க வேண்டும். பின்னின் மேல்முனையில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட வேண்டும். கதவை இருபது முறை திறந்து மூட வேண்டும். கறுப்பாக வழிவதைத் துடைத்துவிட வேண்டும். பட்டையில் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். ரப்பரில் எண்ணெய் படக்கூடாது. பட்டால் ரப்பர் ஊதிக் கெடும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுப்பாகும். தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இதைச் செய்தால் நல்லது.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

பின் தேயும். கதவு இறங்கும். கதவில் உள்ள பூட்டும் தூணில் உள்ள கொக்கியும் நேருக்கு நேர் சந்திக்காது. ஓங்கி அறைந்தால்தான் கதவு மூடும். அறைய அறையப் பூட்டும் கெடும். ஒரு நாள் அரைகுறையாக மாட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தால் மூடியது போலவே இருக்கும். வளைவில் திரும்பும்போது திறந்துகொள்ளும். ஓரத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால்?

இரண்டு சொட்டு எண்ணெயில் தீரக்கூடிய காரியம் உயிர்வரை போகலாம்.

ஒர்க்ஷாப்பில் கேளுங்கள்

பின்னை மாற்ற வேண்டும் என்று சொன்னால், கதவைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டத்தைக் கண்ணால் பாருங்கள். மாற்றிய பிறகு பழைய பின்னைக் கேட்டு வாங்குங்கள். தேய்ந்த பின்னில் பள்ளம் தெரியும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். படித்த பிறகே பணம் கொடுங்கள். எழுத்து கற்றது இதற்கும்தான்.

டாக்சியில் ஏறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கதவை மூடியதும் ஒரு முறை தள்ளிப் பாருங்கள். ஆடினால் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அவர் கோபப்பட மாட்டார். அது அவருடைய பிழைப்பு. உங்களுடைய உயிர்.