பழைய பலகை, சூடான துண்டு



டோக்கியோ என்றதும் கண்ணைப் பறிக்கும் விளக்குப் பலகைகள்தான் நினைவுக்கு வரும். அதே ஊரின் பின்தெருவில் நுழைந்தால் காட்சி வேறு. பெயிண்ட் உதிர்ந்த பலகையில் 'பாமா' என்று எழுதியிருக்கும். முடியைச் சுருட்டிவிடும் 'பெர்ம்'தான் அது. கண்ணாடியில் ஒட்டிய அழகியின் படத்தில் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் வெளுத்துப்போய், முகமெல்லாம் நீலம் பூத்திருக்கும். கடையை மூடிவிட்டார்களோ என்று தோன்றும். உள்ளே எட்டிப் பார்த்தால், வயதான ஒருவர் கத்தரியும் கையுமாக நிற்பார்.

இந்த முடிதிருத்தும் தொழிலுக்குப் பின்னால் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. சாமுராய் காலத்து ஆண்களுக்கு உச்சிக்குடுமி உண்டு. 1871இல் பேரரசர் மெய்ஜியின் அரசு, விரும்பியவர்கள் குடுமியை எடுத்துவிடலாம் என்று ஆணையிட்டது. 1873இல் பேரரசரே முடியை வெட்டிக்கொண்டார். அப்புறம் கேட்கவா வேண்டும்? கிராப்புதான் நாகரிகம் என்றாயிற்று. முடிதிருத்தகத்தின் அடையாளமான சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைக் கம்பம் ஊர் ஊராக முளைத்தது.

அந்தக் காலத்துக் கடை ஒன்றை இன்றும் பார்க்கலாம். டோக்கியோவின் ஹோங்கோ பகுதியில் 'கினோடோகோ' என்றொரு முடிதிருத்தகம் இருந்தது. அதன் மாடியில்தான் கவிஞர் இஷிகாவா டகுபோகு 1909 முதல் 1911 வரை குடும்பத்தோடு குடியிருந்தார். மறு ஆண்டே, 26 வயதில், காசநோயால் இறந்தார். பிற்காலத்தில் சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளாமல், பிரித்தெடுத்து, இனுயாமாவில் உள்ள மெய்ஜி முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள்.

எல்லாக் கடைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. மற்றவை போட்டியைச் சமாளிக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் முடிதிருத்துநருக்கு ஒரு சட்டம், அழகுக்கலைஞருக்கு வேறொரு சட்டம், உரிமமும் தனித்தனி. முகம் மழிக்கும் சேவை முடிதிருத்துநருக்கே உரியது. அழகு நிலையத்தில் ஆண்களுக்கு முடிவெட்டுவதை மட்டும் தனிச் சேவையாகச் செய்யக்கூடாது என்று 1978இல் அரசு ஒரு வழிகாட்டுதல்கூட வெளியிட்டது. யார் கேட்டார்கள்? இளைஞர்கள் அழகு நிலையங்களுக்கே போனார்கள். 2015இல் அரசே அதை விலக்கிக்கொண்டது. இதற்கிடையில் 1996இல் க்யூபி ஹவுஸ் என்ற முடிதிருத்தகச் சங்கிலி வந்தது: பத்தே நிமிடம், அப்போது ஆயிரம் யென், தலைக்குளியல் இல்லை, சவரமும் இல்லை.

பின்தெருக் கடைக்காரர் இவர்களோடு போட்டிக்குப் போவதில்லை. பல இடங்களில் கீழே கடை, மேலே வீடு. வருகிறவர்களும் பெரும்பாலும் வாடிக்கையாக வருகிற பெரியவர்கள். அவர்களுக்கு வழிகாட்டப் பலகை எதற்கு? தொழிலைத் தொடரப் பிள்ளைகள் இல்லாதபோது, புதுப் பலகைக்குச் செலவு செய்வது யாருக்காக?

ஆனால், நாற்காலியில் சாய்ந்து பாருங்கள். ஆவியில் சூடேற்றிய துண்டு முகத்தில் விழும். நெற்றி, காது மடல் வரை கத்தி மெல்ல நகரும். பிறகு தலையைக் குனியவைத்து அலசிவிடுவார்கள். பத்து நிமிடக் கடையில் இதெல்லாம் கிடைக்காது. வெளியே பலகை வெளுத்திருக்கலாம். உள்ளே கைப்பக்குவம் வெளுக்கவில்லை.

ஜப்பான் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கோயில்களோடும் கோட்டைகளோடும் இப்படியொரு கடையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் அந்தப் பட்டைக் கம்பம் சுழன்றால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். டோக்கியோவில் பெரும்பாலான முடிதிருத்தகங்களுக்கு அன்று விடுமுறை.