கழற்றி வைத்த பிரதி



2023 ஆகஸ்ட் மாதக் கடைசியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல்கள் காணாமல் போயின. அமைச்சரவை அலுவலகம் தொடங்கிப் பல அரச அலுவலகங்கள் பாவித்த, ஏறத்தாழ ஐயாயிரம் முகவரிகள் அதில் சிக்கின. நுழைந்தது ரான்சம்வெயார் என்ற தீநிரல். கோப்புகளைப் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கிற வகை. சேவையைச் சீக்கிரமே மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள், போன கடிதங்கள் எதுவும் திரும்பவில்லை. காப்புப் பிரதி எடுக்க ஏற்பாடு இல்லாமலா? இருந்தது. அதுவும் அதே அமைப்போடு இணைந்தே இருந்தபடியால், அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. தனியே கழற்றி வைத்த பிரதி ஒன்று அந்த மூன்று மாதத்துக்கும் இருக்கவில்லை.

அரசாங்கத்துக்கு நடந்ததை ஏன் பதுளையில் இருந்து பேசுகிறேன் என்று கேட்பீர்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் பெரும்பாலும் இதே நிலைமைதான். பசறையிலோ, மடூல்சீமையிலோ, ஹப்புத்தளையிலோ ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். மகனின் உயர்தர வகுப்புச் செயற்றிட்டம், டீச்சர் வேலை பார்க்கும் மருமகளின் வினாத்தாள்கள், பேத்தியின் சடங்கு வீடியோ, கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் கப்பலேறிப் போன சொந்தங்கள் அனுப்பிய பழைய படங்கள். எல்லாம் ஒரே பெட்டிக்குள். அந்தப் பெட்டி பழுதானால் வேறெங்கே இருக்கிறது என்று கேட்டால் வீட்டில் பதில் வராது.

படங்களைவிடப் பெரிய சொத்தும் வீட்டில் இருக்கிறது. அது கடதாசி. கடதாசியின் விலை மலையகத்தாருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டது, தகப்பன் இந்த நாட்டில் பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டம் கேட்டது, இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே குடியிருந்தோம் என்பதற்கு அத்தாட்சி. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. ஒன்றரை இலட்சம் பேருக்குக்கூடக் குடியுரிமை கிடைக்கவில்லை. மிச்சமானவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அதற்குப் பிறகு வந்த கதை. கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் மிச்சமிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க வந்தது. இத்தனைக்கும் நடுவே, பிறப்புச் சான்று தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தவருக்கு ஒரு வழி, இல்லாதவருக்கு வேறு வழி என்று பல குடும்பங்கள் பிரிந்து போயின.

அதனால் முதலில் காப்பாற்ற வேண்டியது இவைதான்: பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, தாத்தா காலத்துக் கடவுச்சீட்டு, சேமலாப நிதிக் கடதாசிகள், ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கிடைத்திருந்தால் அந்த உறுதி. ஸ்கேன் செய்யுங்கள், அல்லது போனில் நேராகப் படம் எடுங்கள். ஸ்கேன் மூலப்பத்திரம் ஆகாதுதான். ஆனால் அதில் பதிவு இலக்கமும் திகதியும் பதிவாளர் பிரிவும் தெளிவாகத் தெரியும். மூலம் தொலைந்தால் பிரதேச செயலகத்தில் அந்த இலக்கத்தைக் கொடுத்துப் புதுப் பிரதி கேட்கலாம். இலக்கம் இல்லாமல் போனால், பழைய பதிவேடுகளில் தேடச் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

இனி ஹார்ட் டிஸ்க் விஷயத்துக்கு வருவோம். நிறையப் பேர் சொல்வார்கள், "நான் எல்லாத்தையும் டி டிரைவுக்குக் கொப்பி பண்ணி வச்சிருக்கேன்" என்று. சி, டி என்று திரையில் இரண்டு பெயர் தெரிந்தாலும், வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரே தட்டுத்தான். தட்டு போனால் இரண்டும் போகும். பென் டிரைவ் எடுத்துக்கொண்டு போக வர நல்லது. வருடக்கணக்கில் நம்பி வைக்க ஏற்றதல்ல.

கடையில் வாங்க வேண்டியது, உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டரை அங்குல வெளி ஹார்ட் டிஸ்க். அதற்குத் தனிக் கரண்ட் வேண்டாம், யூ.எஸ்.பி. வயரே போதும். ஒரு டெராபைட் தட்டில், ஒரு படம் நான்கு மெகாபைட் என்று வைத்தால், இரண்டரை இலட்சம் படம் பிடிக்கும். கம்ப்யூட்டரில் நிரம்பியிருக்கும் அளவைப் போல் இரண்டு மடங்கு கொள்ளளவு இருந்தால் நிம்மதி.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதை எப்படிக் கையாள்வது என்பதும் விளங்கிவிடும். கண்ணாடி போல வழவழப்பான தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 தடவை அளவில் சுழல்கிறது. அதன் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், எழுதிப் படிக்கிற முனை தொடாமல் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிப்போ பல்லாயிரம் நானோமீட்டர். சுழல்கிற நேரத்தில் பெட்டி மேசையில் இருந்து விழுந்தால் முனை தட்டில் உரசும். உரசிய இடம் திரும்பாது. "டக், டக்" என்று சத்தம் கேட்கத் தொடங்கினால் அது தட்டின் கடைசி எச்சரிக்கை. அதன் பிறகு திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது கேட்டைத்தான் கூட்டும். எஸ்.எஸ்.டி. என்ற வகையில் சுழலும் பாகம் இல்லை. அடி தாங்கும், விலையும் கூட.

வேலை இப்படி. தட்டைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். நீல நிற யூ.எஸ்.பி. துளை இருந்தால் பெரும்பாலும் அதுதான் வேகமானது. விண்டோஸ் பாவிப்பவர்கள், கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி என்று இருப்பதைத் திறந்து, இயக்குங்கள். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற இடங்களில் உள்ளதையும், மாற்றியதையும் அதுவே பார்த்து எடுத்து வைக்கும். நேற்று எழுதியதை இன்று அழித்துவிட்டாலும் நேற்றையது கிடைக்கும். ஆனால் டி டிரைவில் நீங்கள் சொந்தமாகப் போட்ட ஃபோல்டர்களை அது தானாகத் தொடாது. அவற்றைக் கையால் இழுத்துப் போடுங்கள். மேக் பாவிப்பவர்களுக்கு டைம் மெஷின் இருக்கிறது.

முடிந்ததும் வயரைப் பிடுங்கி எடுக்காதீர்கள். பெட்டியின் சின்ன விளக்கு மினுக்குவது நிற்கட்டும். திரையின் கீழ் மூலையில் யூ.எஸ்.பி. அடையாளத்தை அழுத்தி, கழற்றலாம் என்று அது சொன்ன பிறகு கழற்றுங்கள். திரையில் "முடிந்தது" என்று வந்த பின்னும் கடைசித் துண்டு தட்டில் எழுதப்படாமல் இருக்கக்கூடும்.

கழற்றுங்கள் என்கிறேன். முக்கியமான வார்த்தை அதுதான். வருடம் முழுக்கச் செருகியே வைத்தால், ரான்சம்வெயார் வந்த அன்று இரண்டும் பூட்டப்படும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி மின்னல் இறங்கும் ஊர் இது. கரண்ட் வயர் வழியாக வரும் மின்னல், கம்ப்யூட்டரோடு செருகியிருக்கும் தட்டையும் விடாது.

கழற்றியதை எங்கே வைப்பது? கம்ப்யூட்டர் மேசை இலாச்சியில் வைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தின் எத்தனையோ சரிவுகள் இறங்கின. அப்படியான நாளில் மேசையும் இலாச்சியும் ஒன்றாகப் போகும். அதனால் இரண்டு தட்டு வையுங்கள்: ஒன்று வீட்டில், ஒன்று வேறு மலையில், வேறு ஊரில். டவுனில் இருக்கும் சின்னம்மா வீடு, கொழும்பில் வேலை செய்யும் மகனின் அறை, எதுவானாலும் சரி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் வரும்போது தட்டை மாற்றிக்கொள்ளலாம். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கும் இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில். மண்சரிவு எச்சரிக்கை சிவப்புக்குப் போய்விட்டால் தட்டைத் தேடி வீட்டுக்குள் ஓட வேண்டாம். உயிர்தான் முதல். இரண்டாவது தட்டு வேறு ஊரில் இருப்பதே அந்த ஓட்டத்தைத் தவிர்க்கத்தான்.

இன்டர்நெட்டில் ஏற்றி வைத்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். சான்றிதழ்களுக்குப் போதும், கூகுள் 15 ஜிபி வரை இலவசமாகத் தருகிறது. ஆனால் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நொடிக்கு இரண்டு மெகாபிட் வேகம் என்று வையுங்கள். 200 ஜிபி படங்களை ஏற்ற, இரவு பகல் நிறுத்தாமல் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும், டேட்டாச் செலவு வேறு. தட்டுக்கு அதே வேலை ஓரிரு மணித்தியாலம்.

இன்னும் இரண்டு சின்னக் குறிப்பு. நம் பனிமூட்டத்து ஈரத்துக்கு, தட்டை மூடி இறுக்கமான டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பையோடு வையுங்கள். புது விண்டோஸ் லெப்டொப்கள் சில உள்தட்டைத் தாமாகவே பூட்டிக் குறியாக்கும்; அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி, சான்றிதழ்களோடு வையுங்கள்.

நாள் குறிக்காத வேலை நடக்காது. ஆகவே மாதாமாதம் தவறாமல் விடுமுறை தரும் போயா தினத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று தட்டைச் செருகிப் புதியதை ஏற்றுங்கள். அதன் பிறகு ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் அனேகர் விட்டுவிடுகிறார்கள். தட்டில் உள்ள ஏதாவது ஒரு கோப்பை, போன வருடத்துப் படமோ அம்மாவின் பிறப்புச் சான்றோ, திறந்து பாருங்கள். திறந்தால் உங்களிடம் பிரதி இருக்கிறது. திறக்காவிட்டால், கம்ப்யூட்டர் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தெரியவந்ததே என்று சந்தோஷப்படுங்கள். அன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்துவிடலாம்.