சான்றிதழில் யாருடைய கையெழுத்து?

(வைட்ஃபீல்டில் நடைபெற்ற தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வைட்ஃபீல்ட் வழியே செல்லும் ரயில் பாதையில், பங்காருப்பேட்டையில் பிரியும் கிளை கோலார் தங்கவயலைச் சென்றடைகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், அங்குள்ள தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் ஆயிரக்கணக்கில் இப்பாதையில்தான் அன்றாடம் பெங்களூருவுக்கு வேலைக்கு வருகின்றனர். அதே தங்கவயலில், 1964இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பிஇஎம்எல், சுரங்கங்களுக்கான கனரக இயந்திரங்களை உற்பத்தி செய்கிறது. அவற்றைச் செய்பவரும் தொழிலாளி; சுரங்கத்தில் அவற்றை ஓட்டுபவரும் தொழிலாளி. எனவே இயந்திரத்தின் தரம் நமது வர்க்கத்தின் பிரச்சனை.

நூறு டன் சுமையுடன் சரிவில் இறங்கும் டம்பரின் பிரேக் பழுதானால், முதலில் பறிபோவது ஓட்டுநரின் உயிர். ஆகவே கொள்முதலுக்கு முன்பே ஆய்வு வேண்டும். எஃகும் அதன் சான்றிதழும் பொருந்துகின்றனவா, பற்றவைப்பில் விரிசல் உண்டா, முழுச் சுமையில் பிரேக் பிடிக்கிறதா, தீயணைப்பு அமைப்பு இயங்குகிறதா என்பதை மூன்றாம் தரப்பு சோதித்தறிய வேண்டும்.

ஆனால் மூன்றாம் தரப்பு என்ற பெயர் மட்டுமே சுதந்திரத்தைத் தந்துவிடாது. பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் சுரங்கக் கழிவு அணை 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 பேர் மாண்டனர். அந்த அணை உறுதியானது என்று சில மாதங்களுக்கு முன்னர்தான் ஜெர்மன் நிறுவனமான டியுவி சூடின் பிரேசில் கிளை சான்றளித்திருந்தது. சான்றுக்குக் கட்டணம் செலுத்தியது வாலே! அணையாயினும் இயந்திரமாயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஆய்வாளரின் அடுத்த ஒப்பந்தம் யார் கையில் இருக்கிறது?

2021 ஜனவரியில், பிஇஎம்எல்லின் 26 சதவீதப் பங்குகளை நிர்வாகக் கட்டுப்பாட்டுடன் விற்க ஒன்றிய அரசு விருப்ப மனுக்களைக் கோரியது. இதை நாம் எதிர்க்கிறோம். அதற்காக, பொதுத்துறையின் பொருளுக்கு ஆய்வு வேண்டாம் என்று கூற முடியாது. ஒளிவுமறைவற்ற ஆய்வு பொதுத்துறைக்குக் கேடயமே. குறையை மூடி மறைப்பதுதான் தனியார்மயத்தின் கையில் ஆயுதமாகிறது.

1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகள், 500 பேருக்குக் குறையாது பணிபுரியும் சுரங்கங்களில் தொழிலாளர் ஆய்வாளர்களை நியமிக்க வகை செய்தன. அவர்களுள் ஒருவர் இயந்திரப் பிரிவுக்கு உரியவர். அவ்விதிகளுக்கு அடிப்படையான 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தை 2020ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு விழுங்கிவிட்டது. போராடிப் பெற்ற அவ்வுரிமையைக் காப்பதோடு, மேலும் விரிவுபடுத்தவும் வேண்டும்.

நமது கோரிக்கைகள் மூன்று. ஆய்வாளரை விற்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. கட்டணம் அவர் மூலம் செல்லவும் கூடாது. ஆய்வறிக்கை தொழிற்சங்கத்துக்கும் தரப்பட வேண்டும். இயந்திரத்தை ஏற்கும் இறுதிச் சோதனையில் தொழிலாளர் பிரதிநிதி பங்கேற்றுக் கையெழுத்திட வேண்டும்.

இயந்திரத்தில் உயிரைப் பணயம் வைப்பவருக்கு, அதன் சான்றிதழில் கையெழுத்திடும் உரிமையும் உண்டு. அதை வென்றெடுப்போம்!