கொடி துடிக்கும் மூன்று நிமிடம்



திருவனந்தபுரம் கோட்டைக்குப் பக்கத்தில் ஸ்ரீவராகம் இருக்கிறது. வராகமூர்த்தி கோயிலும் பெரிய குளமும் உள்ள இடம். பல தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் வாழ்கின்றன. பழைய நாளில் பிரசவம் வீட்டிலேயே நடந்தது. மருத்துவச்சி வருவார். மலையாளத்தில் அவரை வயற்றாட்டி என்பார்கள்.

1916-இல் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் தைக்காடு மருத்துவமனையில் பிரசவ மருத்துவராகப் பொறுப்பேற்றார். மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்குப் பிரசவப் பயிற்சியும் கொடுத்தார். இன்று கேரளத்தில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான்.

அப்படியும் ஒரு குறை இருக்கிறது. அது இரத்தசோகை. 2019-21இல் அரசு ஒரு கணக்கு எடுத்தது. கேரளத்தில் 5 வயதுக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் 39 பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கில் 36 பேர்தான். இந்தியா முழுவதும் பார்த்தால் 67 பேர். இரத்தம் குறைந்த குழந்தை சோர்ந்திருக்கும். அதன் வளர்ச்சியும் படிப்பும் பாதிக்கப்படும்.

இதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று பிறந்த நிமிடத்திலேயே இருக்கிறது.

குழந்தை வெளியே வந்த பிறகும் தொப்புள் கொடி துடிக்கும். தொட்டால் தெரியும். நஞ்சில் உள்ள இரத்தம் கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்க்கொண்டிருக்கும். உடனே கிளிப் போட்டு வெட்டினால் அந்த இரத்தம் நஞ்சிலேயே நின்றுவிடும். மூன்று நிமிடம் பொறுத்தால் சுமார் 80 முதல் 100 மில்லி குழந்தைக்குக் கிடைக்கும். ஒரு சின்ன டம்ளர் அளவு. பெரியவருக்கு அது ஒன்றுமில்லை. மூன்று கிலோ குழந்தைக்கு அது பெரிய சொத்து. அதில் உள்ள இரும்புச் சத்து பல மாதங்களுக்கு உதவும். தாய்ப்பாலில் இரும்புச் சத்து கொஞ்சம்தான். அதற்காகத் தாய்ப்பாலைக் குறை சொல்லக் கூடாது. ஆறு மாதம் வரை அதுதான் உணவு.

குழந்தை குளிர்ந்துவிடுமோ என்று பாட்டிகள் பயப்படுவார்கள். ஈரம் துடைத்து, தாயின் மார்பில் படுக்க வைத்து, துணியால் மூடினால் போதும். மஞ்சள் காமாலை சில குழந்தைகளுக்குச் சற்றுக் கூடலாம். அதற்கு வெளிச்ச சிகிச்சை இருக்கிறது.

ஒரு நிமிடத்துக்கு முன் வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் சொன்னது. 2018-இல் தொடங்கிய இந்திய அரசின் இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் மூன்று நிமிடம் என்கிறது. மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைக்கும் பொறுப்பது நல்லது. ஆனால் குழந்தை மூச்சு விடத் திணறினால் டாக்டர் உடனே வெட்ட வேண்டி வரலாம். அப்போது தடுக்கக் கூடாது.

வலி வந்த பிறகு தாயால் எதையும் கேட்க முடியாது. ஒன்பதாம் மாதப் பரிசோதனையிலேயே டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லி வைக்கலாம். கூடப் போகும் அம்மாவும் மாமியாரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வெட்டிய இடத்தில் சாம்பல், சாணம், எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. உலர்ந்து தானே விழுந்துவிடும்.