ஒரு பருவத்தின் பணிகளும் நம் பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

பள்ளிவாசலின் வரவு செலவு அறிக்கை சற்று முன்னர் உங்கள் முன் வாசிக்கப்பட்டது. கல்விக் குழு அளிக்க வேண்டிய அறிக்கையும் ஒன்று உண்டு. எத்தனை பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கினோம், எத்தனை பேருக்குக் கட்டணம் செலுத்தினோம் என்பது அச்சிட்ட தாளில் இருக்கிறது. ஆகவே அதனை மீண்டும் கூறி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், அத்தாளில் இடம்பெறாத ஒரு செய்தியைப் பற்றியே பேச விழைகிறோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து அரையாண்டுத் தேர்வு வரையிலான காலத்தில் ஒரு கிராமப்புற அரசு உயர்நிலைப் பள்ளியில் என்னென்ன நடைபெறுகின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஜூலை 15 பெருந்தலைவர் காமராசரின் பிறந்த நாள். 2006 முதல் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆகஸ்டில் சுதந்திர தின விழா. அதே வேளையில் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிடும். இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், மரக்கன்று நடும் தேசிய பசுமைப் படை, ஜூனியர் ரெட் கிராஸ் ஆகியவை ஒருபுறம். 2022 நவம்பரில் தொடங்கப்பெற்ற வானவில் மன்றத்தின் வழியாக 6 முதல் 8 வரை பயிலும் பிள்ளைகளிடம் அறிவியல் சோதனைக் கருவிகள் வகுப்பறைக்கே வந்து சேர்ந்தன. 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா அறிமுகமாயிற்று. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என நான்கு படிகள்; மாநில அளவில் வென்றோர்க்குக் கலையரசன், கலையரசி என்னும் பட்டங்கள். இவற்றுக்கிடையே காலாண்டுத் தேர்வும் வந்து போகிறது. ஆசிரியப் பெருமக்களுக்கு மூச்சு விடவும் நேரமில்லாத பருவம் அது.

"இத்தனை போட்டியும் விழாவும் எதற்கு? படிப்பு கெட்டுப் போகிறதே!" என்று பெற்றோர் பலர் எங்களிடம் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. அன்றாடக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் தகப்பனார், மதிப்பெண் ஒன்றே கரைசேர்க்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வின் 500 மதிப்பெண்கள், பிள்ளை எதைக் கற்று நினைவில் கொண்டது என்பதைக் காட்டும். நாலு பேர் முன்னிலையில் நின்று பேச முடியுமா, தோற்றால் மனம் தளராமல் மறுநாள் களத்துக்கு வர முடியுமா, தன்னிலும் இளையவர் பத்துப் பேரை அழைத்துச் சென்று பத்திரமாகத் திரும்ப முடியுமா என்பதை அந்த மதிப்பெண் காட்டாது. நேர்முகத் தேர்வுக்குச் சென்று வாய் திறவாமல் திரும்பிய பட்டதாரி இளைஞர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவன்று. பேசிப் பழகும் மேடை மட்டுமே கிடைக்காமற் போயிற்று.

மார்க்கத்தின் பெயரால் எழும் தயக்கத்தையும் மறைக்காமல் பேசுவோம். கலைத் திருவிழா என்றவுடன் ஆடலும் பாடலும்தாமே என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். ஆடல் வேண்டாம் எனக் கருதும் குடும்பம் அதனை விட்டுவிடலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் அதே விழாவில் பேச்சு, கட்டுரை, கவிதை, ஓவியம், களிமண் சிற்பம், அழகுக் கையெழுத்து ஆகிய போட்டிகளும் உள்ளன. ஒன்று ஒவ்வாது என்பதற்காக அனைத்தையும் ஒதுக்குவது நியாயமா?

ஹிஜ்ரி 2, கி.பி. 624இல் நடைபெற்ற பத்ருப் போரை நாம் ஆண்டுதோறும் ரமளானில் நினைவுகூர்கிறோம். அப்போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் ஈட்டுத்தொகை செலுத்த வசதியற்ற, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நிர்ணயித்ததை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். நேற்றுவரை வாளேந்தி எதிரில் நின்றவரிடம்கூடத் தம் சமுதாயப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய தலைவரின் உம்மத்தினர் நாம். பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு நபிகளார் காட்டி மகிழ்வித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அன்னையாருடன் நபிகளார் ஓட்டப் பந்தயம் ஓடியதை அபூதாவூத் நூல் அறிவிக்கிறது. விளையாட்டும் திறமையும் தீனுக்கு அந்நியமானவை அல்ல என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமோ?

பொதுப் பள்ளி நமக்குப் புறம்பானது என்னும் எண்ணமும் சிலரிடம் உண்டு. 2006 நவம்பரில் வெளியான நீதியரசர் சச்சார் குழுவின் அறிக்கை, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளுள் மதரஸாக்களில் மட்டும் பயில்வோர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு என்று எடுத்துரைத்தது. எஞ்சிய பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வார்களேயானால், அவர்களுள் மிகப் பலர் அமர்வது பொதுப் பள்ளிகளின் வகுப்பறைகளில்தான். அந்தப் பள்ளியின் கூரை ஒழுகினால் நனைவது நம் பிள்ளையும்தான்.

இனி எங்கள் குறை ஒன்றை உங்கள் முன் வைக்கிறோம். சென்ற கல்வியாண்டில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் தம் பள்ளியில் முதலிடம் பெற்றார். தம் ஊர்க் கண்மாயைப் பற்றித் தாமே எழுதிய உரை அது. அடுத்த படியாகிய வட்டாரப் போட்டிக்கு அவர் செல்லவில்லை. தகப்பனார் சரக்கு வண்டியுடன் வெளியூரில் இருந்தார். தாயாருக்குத் தனியே அழைத்துச் செல்லத் துணிவில்லை. மாலையில் திரும்ப நேரமானால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் வேறு. இரண்டாம் இடம் பெற்ற மாணவி சென்றார். இச்செய்தி ஒரு மாதம் கழித்து, நோட்டுப் புத்தகம் வழங்கச் சென்றபோதுதான் எங்கள் காதுக்கு எட்டியது. "போட்டியன்று ராத்திரி முழுப் பேச்சையும் எனக்கு மட்டும் பேசிக் காட்டிவிட்டுத் தூங்கினாள்" என்று அப்பிள்ளையின் நன்னிமா சொன்னார். எங்களால் பதில் பேச இயலவில்லை. அந்த மாணவிக்குத் தேவைப்பட்டது பணம் அன்று. உடன் செல்ல ஒரு துணை. இத்தனை குடும்பங்கள் உள்ள ஜமாஅத்தில் அந்தத் துணை கிடைக்கவில்லை என்றால் குற்றம் அக்குடும்பத்தினுடையதா, நம்முடையதா?

இதே மண்ணில் நடந்த மற்றொரு செய்தியையும் எண்ணிப் பாருங்கள். யானைமலையின் அடிவாரத்தில் உள்ள யா. கொடிக்குளத்தில் எட்டாம் வகுப்பு வரை மட்டுமே இருந்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதற்காக, வங்கி எழுத்தர் ஆயி என்ற பூரணம் அம்மாள் 2024 ஜனவரியில் தமக்குரிய 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பள்ளிக் கல்வித் துறைக்கு எழுதிக் கொடுத்தார். அதன் மதிப்பு ஏழு கோடி ரூபாய் என நாளேடுகள் எழுதின. கணவரை இளமையிலேயே இழந்தவர். வளர்த்து ஆளாக்கிய மகளையும் பறிகொடுத்தவர். அம்மகளின் பெயர் பள்ளிக்கு விளங்க வேண்டும் என்பது ஒன்றே அவர் கேட்டது. அவ்வாண்டுக் குடியரசு தின விழாவில் தமிழக அரசு சிறப்பு விருது அளித்துப் பாராட்டியது. பின்னர் மேலும் 91 சென்ட் நிலத்தையும் அவர் வழங்கினார்.

தமக்கெனப் பிள்ளை இல்லாத நிலையில் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு தாய் நிலம் கொடுத்தார். பிள்ளைகளை உடைய நாம் அப்பிள்ளைகளுக்காக நேரம் கொடுக்கத் தயங்கலாமா? எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருக்கும் அந்த ஒரு படியின் அருமையை அவர் அறிந்திருந்தார். பெண்பிள்ளைகள் பலரின் படிப்பு நின்றுபோவது அந்தப் படியில்தான். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால், 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000 உதவித்தொகை என்பதும் பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கிடைத்தது. ஆனால் பிள்ளை ஒன்பதாம் வகுப்பின் வாசலைத் தாண்டினால் அன்றோ இவையெல்லாம் பயன் தரும்? போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளையை அவ்வளவு எளிதில் யாரும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட மாட்டார்கள். அந்தப் பரிசுக் கோப்பை வீட்டு அலமாரியில் இருந்துகொண்டு அவளுக்காக வாதாடும்.

ஆகவே கல்விக் குழுவின் சார்பில் மூன்று வேண்டுகோள்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம்.

முதலாவது, துணை. போட்டிக்காக வெளியே செல்லும் நம் பிள்ளைகளுடன், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுடன் செல்வதற்கு ஒவ்வொரு தெருவிலும் இரண்டு தாய்மார்களின் பெயரை இன்றே பதிவு செய்ய வேண்டுகிறோம். போக்குவரத்துச் செலவைக் கல்வி நிதி ஏற்கும்.

இரண்டாவது, மாலை மதரஸா. ஓதும் பிள்ளை ஒத்திகைக்குப் போனால் சபக் தவறுகிறது. ஓதப் போனால் ஒத்திகை தவறுகிறது. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை திண்டாடக் கூடாது. போட்டி நடைபெறும் வாரங்களில் மட்டும் விடுபட்ட பாடத்தை ஞாயிறு காலையில் ஈடுசெய்ய உஸ்தாதுமார்கள் அன்புடன் இசைந்துள்ளனர். குர்ஆன் ஓதல் ஒரு நாளும் குறையாது. நேரம் மட்டுமே மாறும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்த நாற்காலி நமக்காகவும் போடப்பட்டதே. கூட்டம் நடைபெறும் நாளில் கடையைச் சற்று நேரம் அடைத்துவிட்டாவது செல்லுங்கள். குறை இருந்தால் அங்கே எடுத்துச் சொல்லுங்கள். தேநீர்க் கடையில் சொல்லிப் பயனில்லை.

நம் ஊரைச் சுற்றி அல்லாஹ் எவ்வளவு வாய்ப்புகளை வைத்திருக்கிறான்! 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி நம் அருகில் இருக்கிறது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. யானைமலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், நரசிங்கத்தில் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுடன் கூடிய குடைவரையும் உள்ளன. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகமும், ஜூலையில் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. நாடெங்கிலுமிருந்து வந்து பார்ப்போர் உளர். நம் பிள்ளைகளோ அவற்றைப் பேருந்து ஜன்னல் வழியே மட்டும் பார்த்துச் செல்கின்றனர். பள்ளி அழைத்துச் செல்லும்போது அனுமதிச் சீட்டில் கையொப்பமிட்டு அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் பயில்கிறார். அவர் இந்த ஆண்டும் மேடை ஏறுவார், இன்ஷா அல்லாஹ். அவருடைய பேச்சை நன்னிமா மட்டுமல்ல, வட்டாரமே கேட்க வேண்டும். அன்று அவருடன் செல்லும் தாய்மார் யார் என்பதை இக்கூட்டம் கலைவதற்கு முன் முடிவு செய்துவிட்டுச் செல்வோம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஆசிரியப் பெருமக்களுக்கு உடல் நலத்தையும், நம் ஊரின் அனைத்துச் சமுதாயத்தாரிடையே நல்லிணக்கத்தையும் வல்ல அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.